வேலி போட்ட தீவுகள்

அமெரிக்காவின் மியாமி துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறும் பிரயாணிக்கு மறுநாள் காலையில் ஒரு தீவு காட்டப்படுகிறது. வெள்ளை மணல், நீலக் கடல், தென்னை மரம், ஊஞ்சல், பாட்டு, மது எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. ஆனால் அந்தத் தீவில் ஊர் இல்லை. சந்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மாதா கோயில் இல்லை. வலை உலர்த்தும் மீனவன் இல்லை. ஓலைக் கூடை முடைந்து விற்கும் கிழவி இல்லை. கப்பல் யாருடையதோ, தீவும் அவருடையதே. மாலையில் கப்பலின் சங்கு ஊதியதும் பிரயாணிகள் திரும்பி விடுகிறார்கள். தீவின் கதவும் அன்றைக்கு மூடப்படுகிறது.

இதற்குத் "தனியார் தீவு" என்று கப்பல் கம்பெனிகள் பெயர் வைத்திருக்கின்றன. வெளிநாட்டார் பொழுதுபோக்கில் தொழிலாளி வர்க்கத்துக்கு என்ன அக்கறை, கரீபியக் கடலில் ஒரு மணல்திட்டை யார் வாங்கினால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு. விடுதலை பெற்ற சிறு நாடுகளின் நிலத்தையும் கரையையும், ஒரு பீரங்கிகூட வெடிக்காமல், குத்தகைப் பத்திரத்தைக் கொண்டே எப்படி எடுத்துக் கொள்ளலாம் என்பதற்கு இந்தத் தீவுகள் கண்கண்ட சாட்சி. நாட்டுக்குச் சொந்தக்காரனை வேலிக்கு வெளியே நிறுத்தி விட்டு, அவன் நாட்டின் அழகை மட்டும் உள்ளே வைத்து விற்கும் வியாபாரம் இது. இதன் கணக்கு வழக்கை மக்கள் தெரிந்து கொள்வது நல்லது.

பத்திரங்கள் சொல்லும் கதை

பஹாமாஸ் நாட்டில் சுமார் 700 தீவுகள் உண்டு; ஜனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சம்தான். நீண்ட காலம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்நாடு 1973 ஜூலை 10-ஆம் தேதி சுதந்திரம் பெற்றது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1977-இல், நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் கம்பெனி கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை விலைக்கு வாங்கியது. உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று தனக்கென்று தீவு வைத்துக் கொள்ளும் வழக்கத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

பிறகு வரிசையாக நடந்தது. பக்கத்துத் தீவான லிட்டில் ஸ்டிரப் கே, ராயல் கரீபியன் கம்பெனியின் கைக்கு வந்து "கோகோ கே" ஆயிற்று. 1996 டிசம்பரில் கார்னிவல் கூட்டத்தைச் சேர்ந்த ஹாலந்து அமெரிக்கா கம்பெனி, லிட்டில் சான் சால்வடார் தீவை 60 இலட்சம் டாலருக்கு வாங்கி "ஹாஃப் மூன் கே" என்று பெயரிட்டது. டிஸ்னி கம்பெனி கோர்டா கே என்ற தீவை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1998 முதல் அதன் பெயர் "காஸ்ட்அவே கே". 2019-இல் எம்.எஸ்.சி. கம்பெனி ஓஷன் கேயைத் திறந்தது. அதே ஆண்டில் ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவிட்டு, 135 அடி உயரச் சறுக்குக் கோபுரத்துடன் கோகோ கேயைப் புதுப்பித்தது. 2024-இல் எலூத்தரா தீவின் தென்முனையில் டிஸ்னியின் இரண்டாவது இடம் திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவின் கரையில் கார்னிவல் கம்பெனியின் 60 கோடி டாலர் "செலிபிரேஷன் கீ" திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தலைநகர் நாசோவுக்கு எதிரிலுள்ள பாரடைஸ் தீவிலும் ராயல் கரீபியன் தன் கடற்கரைக் கழகத்தைத் திறந்து விட்டது. முதலில் ஆளில்லாத தீவு. பிறகு ஆளிருக்கும் தீவின் ஒரு முனை. கடைசியில் தலைநகரின் வாசல். போக்கு எந்தத் திசையில் என்பது தெளிவு.

பெயர் மாற்றத்தையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1492-இல் கொலம்பஸ் முதன்முதலாக இந்தத் தீவுக் கூட்டத்தில்தான் கால் வைத்தான். அங்கிருந்த லூக்காய மக்கள் தங்கள் தீவை குவானஹானி என்று அழைத்தார்கள். அவன் அதற்கு சான் சால்வடார் என்று பெயர் சூட்டினான். சுமார் முப்பது ஆண்டுகளுக்குள் அந்த மக்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டு, அந்தத் தீவுகளில் ஆளே இல்லாமல் போயிற்று. இன்றைய கம்பெனிகள் யாரையும் சங்கிலி போட்டு இழுக்கவில்லை. அந்தக் கொடுமையையும் இதையும் ஒரே தராசில் வைப்பது தவறு. ஆயினும் ஒரு நிலத்தைத் தனதாக்க விரும்புகிறவன் முதலில் அதன் பெயரைத்தான் அழிக்கிறான் என்ற பாடம் ஐந்நூறு ஆண்டுகளாக மாறவில்லை. குழந்தைகளின் சித்திரக் கதையில் வருவதுபோன்ற பெயர்களுக்குக் கீழே, ஒரு நாட்டின் பெயர் மறைந்து போகிறது.

பையின் கணக்கு

கம்பெனிக்குத் தீவு எதற்கு? ஊர்கள் இருக்கின்றன, துறைமுகங்கள் இருக்கின்றன, அங்கே போனால் போதாதா?

ஒரு பிரயாணி நாசோ துறைமுகத்தில் இறங்குகிறான் என்று வைத்துக் கொள்வோம். டாக்சிக்காரருக்கு அவன் கொஞ்சம் கொடுக்கிறான். பே தெருவின் ஓலைச் சந்தையில் ஒரு தொப்பி வாங்குகிறான். சங்குக் கறி சமைத்து விற்பவரிடம் சாப்பிடுகிறான். கூட்டிப் போய்க் காட்டியவருக்கு ஏதோ தருகிறான். இந்தச் சில்லறைகள் பத்துப் பதினைந்து கைகளில் விழுகின்றன. அன்று மாலை பத்துப் பதினைந்து வீடுகளில் அடுப்பு எரிகிறது. கம்பெனியின் கண்ணுக்கோ இவையெல்லாம் ஓட்டை வழியே ஒழுகிப் போகும் காசு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அதன் சூதாட்ட மண்டபமும் கடைகளும் மூடிக் கிடக்கும். பிரயாணியின் பையோ கரையில் திறந்திருக்கும். இதை எந்த முதலாளி பொறுப்பான்?

தனியார் தீவு இந்த ஓட்டையை அடைத்து விடுகிறது. கப்பலின் சமையலறையிலிருந்தே தீவுக்குச் சாப்பாடு வருகிறது. மதுவும் கம்பெனியினுடையது. நிழற்குடைக்கு வாடகை, சறுக்குக் கோபுரத்துக்குக் கட்டணம், கடலில் ஓடும் சிறு வண்டிக்குக் கட்டணம் எல்லாம் கப்பலில் கொடுத்த அதே அட்டையில் எழுதப்படுகின்றன. பிரயாணி கரையில் இறங்கியும் கம்பெனியின் கல்லாவை விட்டு வெளியே வரவில்லை. ஒரு கையில் டிக்கெட் விற்று, மறு கையில் கடற்கரையும் விற்கிறார்கள்.

இதற்கு அமெரிக்கச் சட்டமும் துணை நிற்கிறது. 1886-ஆம் ஆண்டின் பிரயாணிக் கப்பல் சட்டப்படி, அந்நியக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு அங்கேயே திரும்பும்போது, நடுவில் வேறு நாட்டு மண்ணைத் தொட்டாக வேண்டும். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. மியாமிக்கு மிக அருகிலுள்ள வேறு நாடு பஹாமாஸ். கம்பெனியின் தீவும் சட்டத்தின் கண்ணில் "வேறு நாடு"தான். சட்டத்துக்கு அது அந்நிய மண். கல்லாவுக்கு அது சொந்த மண். ஒரே தீவு இரண்டு வேஷம் போடுகிறது.

அந்நியக் கொடி ஏன் என்று கேட்டால் அதற்கும் விடை இலாபமே. மியாமியில் தலைமை அலுவலகம் வைத்துக் கொண்டு, கார்னிவல் பனாமாவிலும், ராயல் கரீபியன் லைபீரியாவிலும், நார்வீஜியன் பெர்முடாவிலும் பதிவு செய்து கொண்டு வளர்ந்த கம்பெனிகள். கப்பல்களில் பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகள் பறக்கின்றன. இதனால் கப்பல் வருமானத்துக்கு அமெரிக்க வருமான வரி பெரும்பாலும் கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டமும் கிடையாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக மந்திரியே இந்தக் கப்பல்கள் வரி கட்டுவதில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறியபோது, ஒரே நாளில் இவற்றின் பங்குகள் சரிந்தன. உண்மை ஒரு வார்த்தையில் வெளிவந்ததற்கே சந்தைக்குக் காய்ச்சல் வந்து விட்டது!

1958-இன் பாடம்

பஹாமாஸ் மக்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. உல்லாசப் பிரயாணியின் காசு யார் கைக்குப் போவது என்ற கேள்விதான் அந்நாட்டு விடுதலை இயக்கத்தையே தட்டி எழுப்பியது.

1957 நவம்பரில் நாசோவின் புதிய விமான நிலையம் திறந்தபோது, அங்கு இறங்கும் பிரயாணிகளை ஓட்டல்களுக்கு ஏற்றிச் செல்லும் உரிமையைப் பெரிய சுற்றுலாக் கம்பெனிகளும் ஓட்டல்காரர்களும் தங்களுக்குள் ஒதுக்கிக் கொள்ளப் பார்த்தார்கள். அன்று தீவின் வியாபாரமும் சட்டசபையும் பே தெருவின் வெள்ளை வியாபாரிகள் கையில் இருந்தன. பிழைப்புக்கு ஆபத்து வந்ததை உணர்ந்த கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் தங்கள் கார்களைக் கொண்டு போய் விமான நிலையத்தின் வழியை மறித்து நிறுத்தினார்கள். நிலையமே ஸ்தம்பித்தது. 1958 ஜனவரியில் அது பொது வேலை நிறுத்தமாக மாறியது. ஓட்டல் தொழிலாளரும் கட்டிடத் தொழிலாளரும் பிறரும் வெளியே வந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ராண்டல் ஃபாக்ஸ், டாக்சி சங்கத்தின் கிளிஃபோர்டு டார்லிங், பின்னாளில் பிரதமரான லிண்டன் பிண்ட்லிங் ஆகியோர் முன்னணியில் நின்றார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் துருப்புகளை இறக்கிற்று. தொழிலாளர் பணியவில்லை.

அதன் பலன் டாக்சிக் கூலியோடு நிற்கவில்லை. காலனி மந்திரியே இலண்டனிலிருந்து வந்து பார்க்க நேர்ந்தது. 1959-இல் வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1962 தேர்தலில் பெண்களும் வாக்களித்தார்கள். 1967 ஜனவரியில் பெரும்பான்மைக் கறுப்பின மக்களின் ஆட்சி வந்தது. விமான நிலையத்துச் சாலையில் குறுக்கே நின்ற கார்கள் ஒரு நாட்டின் சரித்திரத்தையே திருப்பின.

இப்பொழுது தனியார் தீவை மறுபடியும் பாருங்கள். அங்கே டாக்சி இல்லை. ஓட்டுவதற்குச் சாலையும் இல்லை. மறிப்பதற்கு வாசல் இல்லை. வேலை நிறுத்தம் செய்ய ஊரே இல்லை. 1958-இல் தொழிலாளிக்கு எந்த இடத்தில் பலம் இருந்ததோ, அந்த இடமே இங்கு அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிகள் உட்கார்ந்து யோசித்து 1958-க்குப் பதில் சொல்வதற்காகத் தீவு வாங்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. இலாபத்தின் கால் தானாகவே பேரம் பேசும் மனிதன் இல்லாத இடத்தைத் தேடிப் போகும். தனியார் தீவின் விசேஷம் அதன் மணலிலோ தென்னையிலோ இல்லை. பேரம் பேசுவதற்கு எதிரில் யாரும் இல்லை என்பதில்தான் இருக்கிறது.

2024-இல் பஹாமாஸுக்கு 1 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக அந்நாட்டு சர்க்கார் பெருமையோடு அறிவித்தது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கப்பலில் வந்தவர்கள். ஆனால் ஓட்டலில் தங்கும் பிரயாணி நாட்டுக்குள் செலவிடுவதில் மிகச் சிறு பங்கையே கப்பல் பிரயாணி செலவிடுகிறான். தலைகள் பெருகுகின்றன, தெருவில் விழும் காசு பெருகவில்லை.

ஹைத்தியின் வேலி

பஹாமாஸில் வேலியின் வேலையைக் கடலே செய்கிறது. ஹைத்தியில் அது கண்ணுக்குத் தெரியும் கம்பி வேலி.

ஹைத்தியின் வட கரையில் லபாடீ என்ற இடம் இருக்கிறது. அது தீவு அல்ல; தாய் நிலத்தோடு ஒட்டிய மூக்கு போன்ற நிலம். 1986-இல் ராயல் கரீபியன் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்தது. டுவாலியே குடும்பத்தின் கொடுங்கோலாட்சி சரிந்ததும் அதே ஆண்டில்தான். குத்தகை பிறகு 2050 வரை நீட்டப்பட்டது. சுற்றிலும் வேலி, வாசலில் காவலர். 2009-இல் 5 கோடியே 50 இலட்சம் டாலர் செலவில் கட்டிய துறையில், ஆறாயிரம் பேரை ஏற்றி வரும் கப்பல்கள் நேராக வந்து ஒட்டின. அந்நாளில் ஒரு பிரயாணிக்கு ஹைத்தி சர்க்காருக்குக் கிடைத்தது 6 டாலர். சில நூறு பேருக்கு உள்ளே வேலையும் கடை போட அனுமதியும் உண்டு. மற்றவர்கள் வேலிக்கு அப்பால்.

பல ஆண்டுக் காலம் கம்பெனியின் விளம்பரங்கள் அந்த இடத்தை "லபாடீ, ஹிஸ்பானியோலா" என்றே குறிப்பிட்டு வந்தன. ஹைத்தி என்ற பெயர் வரவில்லை. ஹிஸ்பானியோலா கொலம்பஸ் வைத்த பெயர். 1804-இல் அடிமைகளே கிளர்ந்தெழுந்து நெப்போலியனின் படையை முறியடித்து, உலகின் முதல் கறுப்பினக் குடியரசை நிறுவிச் சூட்டிய பெயர் ஹைத்தி. அந்தப் பெயரைச் சொன்னால் பிரயாணிக்குக் கடற்கரை கசந்து விடுமாம்!

அந்த விடுதலைக்கு ஹைத்தி கொடுத்த விலையையும் இங்கே நினைவூட்டுவது அவசியம். அடிமைகளை இழந்த பிரெஞ்சு எஜமானர்களுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி பிராங்கு தர வேண்டும் என்று 1825-இல் போர்க் கப்பல்களைக் கரையில் நிறுத்தி எழுதி வாங்கினார்கள். பின்னர் தொகை குறைக்கப்பட்டபோதிலும், அதற்காக வாங்கிய கடன்களின் பாரம் 1947 வரை நீடித்தது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கத் துருப்புகள் அந்நாட்டை ஆண்டன. இத்தனை சுமையைத் தாங்கி முதுகு வளைந்த நாட்டிடம், கடற்கரையைத் தலைக்கு ஆறு டாலருக்குத் தருகிறாயா என்று கேட்டால், அது என்ன பதில் சொல்லும்? பசித்தவனோடு பேசும் பேரம் சமமான பேரம் ஆகாது.

2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹைத்தியைப் பூகம்பம் தாக்கியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு சர்க்கார் அறிவித்தது. மூன்றே நாளில், தலைநகருக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லபாடீயில் உல்லாசக் கப்பல் வந்து நின்றது. பிரயாணிகள் இறங்கிக் கடலில் நீந்தினார்கள். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. கப்பல் நிவாரணப் பண்டங்களையும் இறக்கிற்று, கப்பல் வராவிட்டால் அங்குள்ளவர்களின் கூலியும் போய் விடும் என்றது கம்பெனி. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையே பெரிய குற்றச்சாட்டாகி விடுகிறது. பிணம் எடுக்க ஆளில்லாத வாரத்திலும், வேலிக்குள் ஒருவன் உல்லாசமாக இருந்தால்தான் வேலிக்கு வெளியே ஒருவன் கஞ்சி குடிக்கலாம் என்ற நிலைக்கு ஒரு நாட்டைக் கொண்டு வந்தவர்கள் யார்?

2016 ஜனவரியில், அரசியல் கொந்தளிப்பின்போது, எதிர்ப்பாளர்கள் சிறு படகுகளில் வந்து குறுக்கே நின்றதால் ஒரு கப்பல் பிரயாணிகளை இறக்காமலே திரும்பியது. நாசோவின் டாக்சிகள் நின்ற இடத்தில் இங்கே படகுகள் நின்றன. 2024-இலும் 2025-இலும் ஆயுதக் கும்பல்களின் வன்முறை பெருகியபோது கம்பெனி தன் கப்பல்களை லபாடீயிலிருந்து திருப்பிக் கொண்டது. பிரயாணிகளின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்ததைக் குறை கூற முடியாது. ஆனால் கம்பெனிக்கு லபாடீ போனால் கோகோ கே இருக்கிறது. லபாடீயில் மரப் பொம்மை செதுக்கி விற்றவனுக்கு வேறு என்ன இருக்கிறது? முப்பது நாற்பது ஆண்டு குத்தகைக்குப் பிறகும், கப்பல் வரும் நாளில் கூலி, வராத நாளில் பட்டினி என்ற நிலை மாறவில்லை.

தலைக்கு இத்தனை டாலர்

இந்நாட்டு சர்க்கார்கள் ஏன் உறுதியாகப் பேசுவதில்லை? எதிரில் நிற்பவரின் அளவைப் பாருங்கள். 2024-இல் ராயல் கரீபியன் கம்பெனியின் வருவாய் சுமார் 1,650 கோடி டாலர். பஹாமாஸ் நாடு முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். கார்னிவலின் வருவாயோ 2,500 கோடி டாலர். நாடும் கம்பெனியும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்தால், நாடுதான் சிறியதாகத் தெரிகிறது.

மேலும், கப்பலுக்குக் கால் இருக்கிறது, தீவுக்கு இல்லை. 1990-களின் ஆரம்பத்தில் கரீபிய நாடுகள் ஒன்றுகூடி, கப்பல் பிரயாணி ஒருவருக்குக் குறைந்தது 10 டாலர் வரி வாங்குவது என்று தீர்மானித்தன. அப்படியானால் வேறு துறைமுகத்துக்குப் போகிறோம் என்றன கம்பெனிகள். அண்டை நாடு குறைவாக வாங்கி விடுமோ என்ற பயத்தில் ஒற்றுமை கலைந்தது. மெக்சிகோ 42 டாலர் வரி விதிக்க முனைந்தபோதும் இதே பாட்டுத்தான். கம்பெனிகளின் நெருக்குதலுக்குப் பின் 2025 ஜூலையில் அது 5 டாலரில் தொடங்கியது. படிப்படியாக ஏறி 2028-இல் 21 டாலர் ஆகும் என்று சமரசம் செய்து கொண்டார்கள். சொந்தத் தீவு கையிலிருக்கும் கம்பெனிக்கு இந்த மிரட்டல் இன்னும் எளிது. உங்கள் ஊர் வேண்டாம், எங்கள் தீவு இருக்கிறது என்று சொல்லி விடலாம்.

ஆனால் பஹாமாஸ் சர்க்கார் 2024 ஜனவரி முதல் செய்த ஒரு காரியம் குறிப்பிடத் தக்கது. கப்பல் பிரயாணிக்கு 18 டாலராக இருந்த வரி, நாசோ அல்லது ஃப்ரீபோர்ட் துறைமுகத்துக்கு வருவோருக்கு 23 டாலராகவும், தனியார் தீவுக்கு மட்டும் போவோருக்கு 25 டாலராகவும் உயர்த்தப்பட்டது. வித்தியாசம் இரண்டு டாலர்தான். ஆனாலும் வேலிக்குள் நடக்கும் வியாபாரம் ஊருக்கு நஷ்டம் என்பதைச் சட்டமே ஒப்புக் கொண்டு விட்டது. வரி உயர்ந்த பிறகு கம்பெனிகள் ஓடிப் போய் விடவில்லை. புதிய தீவுகளையும் கடற்கரைகளையும் திறந்து கொண்டுதான் இருக்கின்றன. மிரட்டலில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை இதிலிருந்து அளந்து கொள்ளலாம்.

கப்பலின் அடித்தட்டில்

வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றிச் சொன்னோம். வேலிக்குள் வேலை செய்கிறவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கே நம் நாட்டவரும் இருக்கிறார்கள்.

உல்லாசக் கப்பல்களில் சமைப்பவர், பரிமாறுபவர், படுக்கை விரிப்பவர், துணி துவைப்பவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கப்பல் தனியார் தீவில் நிற்கும் நாளில், அதே தொழிலாளி அதே சாப்பாட்டைச் சுமந்து கொண்டு மணலில் இறங்குகிறான். பிரயாணிக்கு ஓய்வு நாள். அவனுக்கு இரட்டை வேலை நாள். பல மாத ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை என்பதே அவனுக்கு இல்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்கூட வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்க இடம் தருகிறது. எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தச் செய்தி இந்தக் கப்பல்களின் அடித்தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்!

அதே ஒப்பந்தம், வேலைக்கு எடுப்பதற்காகக் கடல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியா 2015-இல் அதில் கையெழுத்திட்டு ஏற்றுக் கொண்டது. வேலை தேடும் இளைஞர்கள் இந்த விதியை அறிந்திருக்க வேண்டும். சர்க்கார் அதை ஏட்டளவில் விடாமல் அமல் நடத்த வேண்டும்.

2020-இல் கொரோனா பரவியபோது பிரயாணிகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகும், அமெரிக்கக் கரைகளை ஒட்டி சுமார் 100 கப்பல்களில் ஏறத்தாழ 80,000 கப்பல் தொழிலாளர்கள் கடலிலேயே கிடந்தார்கள் என்று அமெரிக்க சுகாதார இலாகாவே அப்போது தெரிவித்தது. கப்பல் பஹாமாஸ் கொடியில் ஓடுகிறது. சொந்தக்காரன் மியாமியில் இருக்கிறான். தொழிலாளி வேறு நாட்டான். ஆபத்து வந்த நாளில் அவனை இறக்கி விடும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிற்று. வரி கட்டாமல் இருக்க உதவும் கொடி, தொழிலாளியைக் காப்பாற்ற உதவவில்லை.

கடலின் கதையும் அதேதான். கார்னிவல் கூட்டத்தின் பிரின்சஸ் கம்பெனி, கப்பலில் இரகசியக் குழாய் வைத்து எண்ணெய்க் கழிவுநீரைக் கடலில் விட்டதற்காக 2016-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டு 4 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. 2019-இல் கார்னிவல் மறுபடியும் 2 கோடி டாலர் கட்டியது. பஹாமாஸ் கடலில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கைக் கொட்டியதும் அந்தக் குற்றச்சாட்டில் அடக்கம். எந்த நீல நீரின் படத்தைக் காட்டி டிக்கெட் விற்கிறார்களோ, அந்த நீரிலேயே குப்பை!

"வேலை கிடைக்கிறதே!"

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. சும்மா கிடந்த தீவுகளில் முதலீடு வந்தது, சிலருக்கு வேலை கிடைத்தது என்பார்கள். ஓஷன் கே முன்பு மணல் தோண்டிச் சீரழிந்த இடம், கம்பெனி வந்துதான் சுத்தம் செய்தது என்பார்கள். நாசோவின் புதிய கழகத்தில் 49 சதவிகிதம் வரை பஹாமாஸ் மக்களுக்குப் பங்கு வைத்திருக்கிறோம் என்பார்கள். எலூத்தராவில் டிஸ்னி ஒரு பகுதி நிலத்தைச் சர்க்காருக்கே திருப்பித் தந்தது என்பார்கள்.

இவற்றை நாம் மறைக்கவில்லை. வேலை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். நமது கேள்வி வேறு. எலூத்தராவின் தென்முனையைப் பூங்காவாகக் காப்பாற்றுங்கள் என்று உள்ளூர் மக்கள் பலர் கோரினார்கள். நிலம் கம்பெனிக்குப் போன பிறகுதான் அதில் ஒரு துண்டு நாட்டுக்குத் தானமாக வந்தது. தன் நிலத்தைத் தானே தானமாக வாங்கிக் கொள்வது என்ன நியாயம்? பாரடைஸ் தீவில் 49 சதவிகிதம் தர முடிகிறதென்றால், மற்றத் தீவுகளில் ஏன் ஒரு சதவிகிதம்கூட இல்லை? நாசோவிலும் அந்த 49 எப்படி வந்தது? தலைநகரின் கண்ணெதிரே இருப்பதால், மக்கள் கேட்டார்கள், வியாபாரிகள் கேட்டார்கள், பத்திரிகைகள் கேட்டன. கேட்ட இடத்தில் பங்கு, கேட்காத இடத்தில் பூஜ்யம். கம்பெனியின் தாராளம் எங்கிருந்து பிறக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

பிரயாணியின் மீது நமக்குப் பகை இல்லை. ஆண்டு முழுவதும் ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ உழைத்து, ஒரு வார ஓய்வுக்குக் காசு சேர்த்துக் கப்பல் ஏறும் அமெரிக்கத் தொழிலாளிகள் அவர்களில் ஏராளம். அவர்களுக்குக் கடல் வேண்டும், ஓய்வு வேண்டும். ஆனால் அவர்கள் பார்க்கும் நாட்டை அவர்களிடமிருந்தே மறைத்து விடுகிறார்கள். ஒரு நாஸோக்காரனின் கையைக் குலுக்காமல், ஒரு ஹைத்தியப் பெண்ணின் பேச்சைக் கேட்காமல், பஹாமாஸுக்கும் ஹைத்திக்கும் போய் வந்தோம் என்று அவர்கள் வீடு திரும்புகிறார்கள். உழைக்கும் மக்கள் இரு தரப்பாரும் சந்திக்காமல் பார்த்துக் கொள்வதும் இந்த வேலியின் வேலைகளில் ஒன்று.

என்ன செய்யலாம்?

செய்ய முடியாதது ஒன்றுமில்லை. கரீபிய நாடுகள் தனித்தனியே பேரம் பேசித் தோற்றதை, ஒன்றாக நின்று மீட்க முடியும். எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே வரி, தனியார் தீவுகளுக்கு அதைவிட உயர்ந்த வரி என்று கூட்டாக நிர்ணயித்தால், கப்பல் ஓடிப் போவதற்கு வேறு கடல் அருகில் இல்லை. புதிதாக எந்தத் தீவையும் விற்பதை நிறுத்த வேண்டும். குத்தகைப் பத்திரங்களை மக்கள் முன் வெளியிட வேண்டும். காலம் முடியும்போது கண்ணை மூடிக் கொண்டு நீட்டக் கூடாது. கடற்கரை மக்களின் பொதுச் சொத்து என்பதையும், அதற்குப் போகும் வழியும் பொதுவே என்பதையும் சட்டம் உறுதி செய்ய வேண்டும். தீவில் விற்கும் உணவிலும் பண்டத்திலும் ஒரு கணிசமான பங்கு உள்நாட்டு உழவரிடமும் மீனவரிடமும் கைவினைஞரிடமும் வாங்கப்பட வேண்டும். உள்ளே வேலை செய்வோருக்குச் சங்க உரிமை வேண்டும். கப்பல் தொழிலாளிக்கு வார ஓய்வும், தன் வழக்கைத் தானே நீதிமன்றத்தில் நடத்தும் உரிமையும் வேண்டும்.

பெரிய கப்பலை மறுக்கவே முடியாது என்பதும் கட்டுக்கதை. 2021-இல் இத்தாலிய சர்க்கார் பெரும் உல்லாசக் கப்பல்கள் வெனிஸ் நகரத்தின் நடுக் கால்வாயில் வருவதைத் தடை செய்தது. வெனிஸ் மூழ்கி விடவில்லை; கம்பெனிகளும் திவாலாகவில்லை. வெனிஸ் மக்கள் ஆண்டுக் கணக்கில் படகுகளில் நின்று போராடிப் பெற்ற வெற்றி அது. பணக்கார நாட்டு நகரத்துக்கு இருக்கும் உரிமை ஏழைத் தீவுக்கு இல்லையா?

வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும், அதற்குள் சுமை தூக்குபவனும் அதற்கு வெளியே பசியோடு நிற்பவனும் தொழிலாளிகளே. 1958-இல் நாசோவில் டாக்சிக்காரரும் ஓட்டல் தொழிலாளரும் ஒருவரையொருவர் கண்டு கொண்ட நாளில்தான் பே தெருவின் ஆதிக்கம் ஆட்டம் கண்டது. இன்று கப்பலின் அடித்தட்டில் இருக்கும் இந்தியத் தொழிலாளியும் பிலிப்பைன்ஸ் தொழிலாளியும், லபாடீயின் பொம்மைக்காரரும், நாசோவின் ஓலைக் கூடைக்காரியும் ஒருவரையொருவர் கண்டு கொள்ள வேண்டும். கப்பல் தொழிலாளர் சங்கங்களும் கரையிலுள்ள சங்கங்களும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு கம்பெனிகளின் முன் போய் நிற்கட்டும். தீவு அந்நாட்டு மக்களுடையது. கரைக்கு வரும் வழியும் அவர்களுடையதே!